காலை ரயிலில் கோத்த பெட்டி

பெர்லினில் நாஜிகள் யூதர்களை முகாம்களுக்கு ரயில் ஏற்றிய இடங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் பங்கையும் எழுதுகிறேன். எல்லோரும் குருனேவால்ட் நிலையத்தின் 17ஆம் தண்டவாளத்தைப் பார்க்கச் சொல்வார்கள், நானும் பார்த்தேன். நடைமேடை விளிம்பு நெடுக 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு. முதல் தேதி 18.10.1941. லெவெட்ஸோ தெரு ஜெப ஆலயத்தில் அடைத்து வைத்திருந்தவர்களை அன்று ஊருக்குள்ளேயே நடக்கவிட்டு இங்கே கொண்டுவந்து, போலந்தின் லோட்ஸ் நகரத்துக்கு ஏற்றினார்கள். கடைசித் தகடு 27.3.1945, 18 பேர். சோவியத் படை பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது, அப்போதும் ரயில் விட்டிருக்கிறார்கள்!

ஆனால் எனக்குத் தூக்கம் போனது பெர்லினின் இன்னொரு பழைய ரயில் நிலையமான அன்ஹால்ட்டரைப் பார்த்த பிறகுதான். குண்டுவீச்சுக்கும் இடிப்புக்கும் தப்பிய முகப்புத் துண்டு ஒன்றுதான் மிச்சம். 1942 ஜூனிலிருந்து இங்கிருந்து சுமார் 9,600 யூதர்களை செக் மண்ணில் இருந்த தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், ஒரு தடவைக்கு ஐம்பது பேர் அல்லது நூறு பேர். சரக்கு வண்டியில் இல்லை. வழக்கமாக ஓடும் பயணிகள் ரயிலோடு மூன்றாம் வகுப்புப் பெட்டியைக் கோத்துவிடுவார்கள். மற்ற பெட்டிகளில் டிக்கெட் எடுத்த சாதாரண ஜனங்கள். இந்தக் கிழவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது அந்தப் பயணிகளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கொண்டுபோவதே தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. போவதற்கு முன் அவர்களிடம் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். ஆயுள் முழுக்கத் தங்குமிடம், சாப்பாடு, வைத்தியம் என்று முதியோர் இல்லம் போல வாக்குறுதி. அதை நம்பி சேமிப்பு முழுவதையும் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. பணம் கடைசியில் போய்ச் சேர்ந்தது நாஜிகளின் எஸ்.எஸ். படையின் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு. போதாததற்கு 16 பக்கச் சொத்துப் படிவம் வேறு, வீட்டிலுள்ள சாமான், துணிமணி வரை கணக்கு எழுத வேண்டும். சரி, போன இடத்தில் என்ன கிடைத்தது? நெரிசலும் பட்டினியும் நோயும். அந்த முகாமுக்குப் பல ஊர்களிலிருந்தும் வந்த சுமார் 1,40,000 பேரில் ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 88,000 பேர் அளவில் ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக் களங்களுக்கு மறுபடி ரயில் ஏற்றப்பட்டார்கள்.

குருனேவால்டுக்கு எஸ் 7 ரயில் போகும். அன்ஹால்ட்டரில் முகப்புக்குப் பக்கத்தில் ஒரு தகவல் பலகை இருக்கிறது, அதை நின்று படியுங்கள். ஹாம்பர்க் நகரத்திலும் இப்படி ஆட்களை ஏற்றி அனுப்பிய பழைய ஹனோவர் நிலையத்துக்கு நினைவிடம் உண்டு, அங்கே நான் இன்னும் போகவில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன்.