40 லட்சம் ரெக்கார்டு உள்ள டேபிள்: பின்பக்கங்களுக்குப் போகப் போக ஏன் இவ்வளவு தாமதம்?

கேட்டவர்:
வணக்கம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல நிகழ்வுப் பதிவுகளுக்கு ஒரு டேபிள், கிட்டத்தட்ட 40 லட்சம் ரெக்கார்டு. வலைப்பக்கத்துல பக்கத்துக்கு 50 வீதம், புதுசு மேல வர்ற மாதிரி காட்டுறேன். பதிவு நேரத்தை வச்சு ஆர்டர் பை (வரிசைப்படுத்த), லிமிட் 50 (50 மட்டும் எடுக்க), பக்க எண்ணுக்குத் தகுந்த ஆஃப்செட் (முன்னால இத்தனையை விட்டுட்டு எடுக்க). முதல் பக்கங்கள் சட்டுனு வருது. நடுவுல போனா பல விநாடி ஆகுது, கடைசிப் பக்கம் டைம்அவுட். நேரத்துக்கு இண்டெக்ஸ் (வேகமாத் தேட உதவுற அட்டவணை) இருக்கு. இன்னொன்னு, அடுத்த பக்கம் போனா சில சமயம் ஏற்கெனவே பார்த்த ரெக்கார்டே மறுபடி வருது. ரெண்டும் ஒரே பிரச்சினையா?

பதில் 1:
ரெண்டும் ஆஃப்செட்டிலிருந்துதான் வருகின்றன, ஆனால் காரணம் வேறு வேறு.

ஆஃப்செட் 20 லட்சம் என்று கொடுத்தால் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்குத் தாவாது. பி-ட்ரீ இண்டெக்ஸில் (மதிப்பு வரிசையில் அடுக்கிய மர அமைப்பு) மதிப்பைக் கொடுத்துத் தேடலாம். 'இத்தனையாவது ரெக்கார்டு எது' என்று கேட்க முடியாது. அதனால் 20,00,050 ரெக்கார்டை ஒவ்வொன்றாக எடுத்து, 20 லட்சத்தை வீசிவிட்டு, மிச்சம் 50-ஐ உங்களிடம் தருகிறது. குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி) எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டால் லிமிட்டுக்குக் கீழே உள்ள வரியில் இது கண்ணுக்குத் தெரியும். ஆழம் கூடும்போது பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) இண்டெக்ஸையே விட்டுவிட்டு முழு டேபிளையும் படித்து சார்ட் செய்யவும் கூடும்.

திரும்ப வருவதற்குக் காரணம்: நீங்கள் முதல் பக்கத்தைப் படிக்கும் நேரத்தில் மேலே 3 புதுப் பதிவு சேர்ந்தால், எல்லாம் 3 இடம் கீழே நகர்கிறது. பழைய பக்கத்தின் கடைசி 3 அடுத்த பக்கத்தின் தலையில் வந்து நிற்கும். தவிர, ஒரே நேரம் கொண்ட ரெக்கார்டுகளுக்குள் எது முதலில் என்று நீங்கள் சொல்லவில்லை. குவெரிக்குக் குவெரி அது மாறலாம்.

கீசெட் முறைக்கு மாறுங்கள். பக்க எண்ணுக்குப் பதிலாக, கடைசியாகக் காட்டிய ரெக்கார்டின் நேரத்தையும் ஐடியையும் அடுத்த கோரிக்கையில் அனுப்புங்கள். வேர் (WHERE) நிபந்தனையில் நேரம், ஐடி இரண்டையும் ஜோடியாக வைத்து, அந்த ஜோடியைவிடச் சிறியவை என்று கேளுங்கள். ஆர்டர் பையிலும் இரண்டும் இறங்குவரிசையில் இருக்கட்டும். இண்டெக்ஸும் இரண்டையும் சேர்த்தே வேண்டும். எந்த ஆழத்திலும் கிட்டத்தட்ட 50 ரெக்கார்டு படிக்கும் வேலைதான்.

கேட்டவர்:
புரியுது, நன்றி. ஆனா கீழ பக்க எண்களும் மொத்த எண்ணிக்கையும் கண்டிப்பா வேணும்னு கேக்குறாங்க. கீசெட்ல 317-ஆம் பக்கத்துக்கு எப்படித் தாவுறது?

பதில் 2:
தாவ முடியாது. கேட்பவர்களிடம் ஒரு தடவை பேசிப் பாருங்க. 317-ஆம் பக்கத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சு யாரும் அதை அழுத்துறது இல்ல. போன மாசம் நடந்த ஒன்னைத் தேடி குத்துமதிப்பா தாவுறாங்க. அவங்களுக்குத் தேவை தேதிப் பெட்டி. தேதியைக் கொடுத்தா அதுவே கீசெட்டோட தொடக்கப் புள்ளி ஆயிடும். பயனருக்கும் இது நல்லது.

அப்படியும் எண் வேணும்னா, உள் குவெரியில ஐடியை மட்டும் ஆஃப்செட் வச்சு இண்டெக்ஸ்லேர்ந்து எடுத்து, கிடைச்ச 50 ஐடிக்கு மட்டும் முழு ரெக்கார்டை ஜாயின் பண்ணுங்க. பாரம் குறையும், ஆனா ஆழத்தோட நேரம் கூடுறது நிக்காது.

மொத்த எண்ணிக்கையை ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணாதீங்க. ஃபில்டர் இல்லாத பட்டியலுக்கு பிஜி_கிளாஸ்ல (டேபிள்களோட விவரத்தை போஸ்ட்கிரெஸ் வச்சிருக்கிற உள் டேபிள்) உள்ள ரெல்டபிள்ஸ் (reltuples, ரெக்கார்டு எண்ணிக்கையோட மதிப்பீடு) மதிப்பு உத்தேசமாப் போதும். ஃபில்டர் இருந்தா 1001 வரைக்கும் மட்டும் எண்ணி, அதைத் தொட்டா '1000-க்கு மேல்'னு காட்டுங்க. அடுத்த பக்கம் உண்டான்னு பார்க்க 50-க்குப் பதிலா 51 கேட்டா போதும். முந்தைய பக்கத்துக்கு ஒப்பீட்டையும் ஆர்டரையும் திருப்பிப் போட்டு, வந்ததைத் தலைகீழாக்கிக் காட்டணும்.

கேட்டவர்:
தேதிப் பெட்டிக்கு ஒத்துக்கிட்டாங்க! கீசெட் போட்டாச்சு, எவ்வளவு ஆழம் போனாலும் உடனே வருது. ஆனா புதுசா ஒன்னு. மொத்தமா இறக்குமதி பண்ணின பதிவுகள்ல ஒரு பகுதிதான் தெரியுது. பக்கம் மாறுற இடத்துல மிச்சம் அப்படியே காணாமப் போகுது. டேபிள்ல எல்லாம் பத்திரமா இருக்கு.

பதில் 1:
கடைசி ரெக்கார்டின் நேரம் ஜாவாஸ்கிரிப்ட் டேட் வழியாகப் போய் வருகிறதா?

கேட்டவர்:
ஆமா, டிரைவர் (டேட்டாபேஸோட பேசுற லைப்ரரி) நேரத்தை டேட் (Date) வடிவத்துலயே கொடுக்குது. ஜேசன்ல (JSON) போட்டு அனுப்புறேன்.

பதில் 1:
அங்கேதான் சிக்கல். போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவிநாடி வரை வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் டேட்டில் மில்லிவிநாடிக்கு மேல் இடமில்லை. டேபிளில் .123456 என்று இருப்பது திரும்பி வரும்போது .123 ஆகிவிடும். இப்போதைய நேரம் கேட்கும் நவ் ஃபங்ஷன், டிரான்ஸாக்ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் டேட்டாபேஸ் வேலை) தொடங்கிய நேரத்தைத் தருவதால், ஒரே டிரான்ஸாக்ஷனில் ஏற்றியவை அனைத்துக்கும் அதே .123456. பக்கம் அந்தத் தொகுதியின் நடுவில் முடிந்தால், '.123-ஐவிடச் சிறியது' என்ற நிபந்தனையில் மிச்சம் ஒன்றுகூடத் தேறாது. ஐடியை ஒப்பிடும் கட்டமே வராது. ஏறுவரிசையாக இருந்திருந்தால் காணாமல் போவதற்குப் பதில் அவை திரும்ப வந்திருக்கும்.

நேரத்தைக் குவெரியிலேயே டெக்ஸ்டாக மாற்றி எடுத்து, அந்தச் சரத்தை அப்படியே திருப்பி அனுப்புங்கள். நடுவில் எங்கும் டேட் ஆக்க வேண்டாம்.

கேட்டவர்:
டெக்ஸ்டா மாத்தினதும் எல்லாம் வந்துடுச்சு. ரொம்ப நன்றி!

பதில் 3:
மைஎஸ்கியூஎல்-லயும் இப்படி ஜோடியா ஒப்பிடலாமா?

பதில் 1:
எழுதலாம், சரியான விடையும் வரும். ஆனால் அங்கே ஜோடி ஒப்பீட்டுக்கு ஆப்டிமைசர் இண்டெக்ஸை முழுதாகப் பயன்படுத்தாமல் போகலாம். 'நேரம் சிறியது, அல்லது நேரம் சமமாக இருந்து ஐடி சிறியது' என்று விரித்து எழுதி, எக்ஸ்பிளைனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேர ஃபீல்டு நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஆகாதபடி நாட் நல் போட்டுவிடுங்கள். நல் இருந்தால் அந்த ரெக்கார்டு எந்த ஒப்பீட்டிலும் தேறாது.