எழாச் சுழலும் வீழ்சுழலும்: ‘பூட்’ கோளாறுகளுக்குச் சொல் தேடி

அன்புள்ள நண்பர்களுக்கு,

தானாகவே அணைந்து அணைந்து உயிர்பெறும் கணினியின் கோளாற்றை, ஆங்கிலத்தில் ‘பூட் லூப்’ எனப்படுவதை, ‘தொடர் மறுதொடக்கம்’ என்று குறிக்கலாம் என்ற முன்மொழிவை ஏற்க நான் தயங்குகிறேன். அண்மையில் எங்கள் வீட்டு மேசைக் கணினி பழுதானபோது அச்சொல்லே எங்களை வழிதவறச் செய்தது. ‘கணினி மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கிறது’ என்று பழுதுநீக்குபவரிடம் தொலைபேசியில் சொன்னேன். விண்டோஸ் கெட்டிருக்கும், புதிதாக நிறுவ வேண்டும் என்றார். உண்மையில் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றவில்லை. விசிறி இரண்டு விநாடி சுழலும், நிற்கும், மறுபடியும் சுழலும். கடைசியில், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ரேம் என்னும் நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்தியதும் சரியாகிவிட்டது.

ஆகவே இங்கே ஒரு கோளாறு இல்லை, இரண்டு இருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன் மின்னழுத்தங்களை நிலைப்படுத்தி, ‘மின்சாரம் சீர்’ என்ற குறிகையைத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. அதன் பிறகே செயலி பயாஸ் சில்லிலுள்ள தொடக்க நிரலை இயக்கி, ரேம், திரையட்டை ஆகியவற்றைச் சோதிக்கத் தொடங்குகிறது. எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட் மின்தடத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தாலோ, ரேம் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, கணினி இந்த வாசற்படியிலேயே திரும்பத் திரும்ப விழக்கூடும். இவ்வளவையும் கடந்து, வட்டிலிருந்து இயங்குதளத்தை நினைவகத்துக்கு ஏற்றும்போது நிகழும் கோளாறு வேறு. அங்கே வட்டுப் பழுதோ, வன்பொருளை இயக்கும் மென்பொருளான இயக்கியின் பிழையோ காரணமாகலாம். பிழை நேர்ந்ததும் தானே மறுதொடக்கம் செய்வது விண்டோஸின் இயல்பமைவு என்பதால், நீலத்திரையில் வரும் பிழைக்குறியைப் படிப்பதற்குள் அது மறைந்துவிடும். அந்த அமைவை நிறுத்தி வைத்தால் குறியை நிதானமாகப் பார்க்கலாம்.

கணினி தொடங்கி இயங்கு நிலைக்கு வருவதைக் குறிக்கும் மூலச்சொல்லாகிய ‘பூட்’, தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னையே தூக்கிக்கொள்வது என்னும் உருவகத்திலிருந்து வந்தது. அதை அப்படியே தமிழில் எழுதினால் ‘பூட்டு’ குறுக்கே வருகிறது. ‘கணினி பூட்டாகவில்லை’ என்பதை ஒருவர் எப்படித்தான் வாசிப்பார்? ‘தன்னெழுச்சி’ உருவகத்துக்கு மிக நெருங்கிய சொல்தான். ஆனால் செய்தித்தாள்கள் அதை மக்கள் போராட்டங்களோடு பிணைத்துவிட்டன. ‘துயிலெழல்’ அழகானது, எனினும் உறக்கநிலையிலிருந்து கணினி மீள்வதற்கு அதை விட்டுவைக்க வேண்டும்.

எனவே ‘எழுகை’ என்பதை முன்வைக்கிறேன். ‘கம்ப்யூட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது’ என்று வீடுகளில் இயல்பாகவே சொல்கிறோம். மக்கள் வழக்கே இதற்கு ஆதரவு. எழு, எழுப்பு எனத் தன்வினையும் பிறவினையும் இணையாகக் கிடைப்பதும் ஒரு வசதி: கணினி எழுந்தது, பென்டிரைவைக் கொண்டு அதை எழுப்பினேன். எந்த வட்டை முதலில் தேடுவது என்ற வரிசை ‘எழுகை வரிசை’ ஆகும்.

முதல்வகைக் கோளாற்றுக்கு ‘எழாச் சுழல்’, இரண்டாம் வகைக்கு ‘வீழ்சுழல்’ என்பன என் பரிந்துரைகள். எழாதது சுழலா கணினியா என்ற ஐயம் எழக்கூடும். ‘உண்ணாநோன்பு’ என்னும்போது உண்ணாதது நோன்பு என்று நாம் மயங்குவதில்லை. அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் இங்கும் வருகிறது. ‘வீழ்சுழல்’ வினைத்தொகை, ஆதலால் ஒற்று மிகாது. நிரலாக்கத்தில் ‘லூப்’ என்பதற்குச் சிலர் ஆளும் ‘மடக்கு’ என்ற சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணம், அது நிரலாளர் வேண்டுமென்றே எழுதுவதைக் குறிப்பது. இதுவோ யாரும் விரும்பாமல் நேர்வது. ‘மறுதொடக்கம்’ என்பதை நாமே கட்டளையிட்டுச் செய்யும் செயலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இயங்குதளத்தை நினைவகத்துக்கு ஏற்றும் க்ரப் போன்ற சிறுநிரலை ‘எழுப்பி’ என்பதா, ‘எழுகை ஏற்றி’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. முன்னது சுருக்கமானது, ஆனால் காலையில் நம்மை எழுப்பும் கடிகார ஒலிக்கும் அது பொருந்திவிடுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.