ஸோனுக்கு ஸோன் பிங் போகிறது, கேட்வே மட்டும் எட்டவில்லை

கேள்வி:
விஎம்வேர் மேல் ஓடும் விர்ச்சுவல் மெஷினில் சோலாரிஸ் 11. ஸோன் என்றால் ஒரே கர்னலில் தனித்தனியாக ஓடும் சூழல்; குளோபல் ஸோன் மற்றவற்றைத் தாங்கும் முதன்மைச் சூழல். அதில் இரண்டு விநிக் (மென்பொருள் நெட்வொர்க் கார்டு) போட்டிருக்கிறேன்:

டிஎல்அட்ம் கிரியேட்-விநிக் -எல் நெட்0 வெப்0
டிஎல்அட்ம் கிரியேட்-விநிக் -எல் நெட்0 டிபி0

ஸோனை அமைக்கும் ஸோன்சிஎஃப்ஜியில் ஐபி-டைப் எக்ஸ்க்ளூசிவ் (ஸோனுக்கு ஐபி அமைப்பு தனி). ஆட் நெட் கொடுத்து ஆளுக்கொரு விநிக். உள்ளே ஐபிஅட்மில் 192.168.10.21/24, 22/24, டிஃபால்ட் ரூட்டும் உண்டு. ஸோன்கள் ஒன்றையொன்று பிங் செய்கின்றன. வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வே 192.168.10.1 மட்டும் பதிலே தருவதில்லை. குளோபல் ஸோனிலிருந்து அதே கேட்வேக்கு பிங் போகிறது.

பதில் 1:
சோலாரிஸ் பக்கம் தப்பு தெரியவில்லை. ஒரே நெட்0 மேல் உள்ள விநிக்குகள் கர்னலுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். பாக்கெட் வெளியே வருவதே இல்லை. ஆகவே அந்த பிங்கை நம்பாதீர்கள்.

டிஎல்அட்ம் ஷோ-விநிக் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 2:8:20 என்று தொடங்கும் தனி மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) தெரியும். விஎம்வேரின் விஸ்விட்ச் (மெஷின்களை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) அந்த மெஷினுக்குத் தான் கொடுத்த மேக்கை மட்டுமே அறியும். மற்ற மேக்குக்கு வரும் ஃப்ரேம் அங்கேயே விழுந்துவிடும். போர்ட் குரூப்பில் (விஸ்விட்சில் ஒரே விதிகள் கொண்ட போர்ட்களின் தொகுப்பு) புரோமிஸ்குவஸ் மோட் (மற்ற மேக்குக்கான ஃப்ரேமையும் உள்ளே விடுவது), ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ் (வேறு மேக்கிலிருந்து அனுப்ப விடுவது) இரண்டையும் அக்செப்ட் ஆக்குங்கள். இந்த மெஷினுக்கென்று தனி போர்ட் குரூப் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் அந்த குரூப்பில் உள்ள மற்ற மெஷின்களும் எல்லார் டிராஃபிக்கையும் பார்க்க முடியும்.

பதில் 2:
மாற்றுவதற்கு முன் கேட்வேயின் ஆர்ப் டேபிளை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) பாருங்கள். ஸோனின் மேக் அதில் ஏறியிருந்தால், கேள்வி வெளியே போய்விட்டது, பதில்தான் திரும்பவில்லை: புரோமிஸ்குவஸ் பிரச்சினை. ஏறவே இல்லையென்றால் முதலில் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸைச் சந்தேகியுங்கள்.

பதில் 3:
கையால் விநிக் போடுவதை விட ஏநெட் (ஸோனுக்குத் தானாக உருவாகும் விநிக்) மேல். ஸோன் பூட் ஆகும்போது உருவாகி, நிறுத்தும்போது போய்விடும். ஸோனை நிறுத்தி, ரிமூவ் நெட், பிறகு ஆட் ஏநெட்; லோயர்-லிங்க் (விநிக் ஏறி நிற்கும் கார்டு)=நெட்0. பழைய விநிக்கை டெலீட்-விநிக்கால் நீக்குங்கள். ஸோன் ஓடும்போது நீக்க விடாது.

அலவ்டு-அட்ரஸ் (ஸோனுக்கு அனுமதித்த ஐபி) கொடுத்தால் அந்த ஐபி தானாகவே ஏறும். அதன்பின் ஸோனுக்குள் வேறு ஐபி போட ஐபிஅட்ம் மறுக்கும். பலர் அதைப் பழுது என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். பூட்டு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
ஆர்ப் டேபிளில் மேக் இருக்கிறது, ஆக புரோமிஸ்குவஸ்தான். ஆனால் அதைத் திறக்க நெட்வொர்க் குழு சம்மதிக்கவில்லை. வேறு வழி?

பதில் 1:
ஈதர்ஸ்டப் (நிஜ கார்டு எதனுடனும் சேராத உள் ஸ்விட்ச்). டிஎல்அட்ம் கிரியேட்-ஈதர்ஸ்டப் ஸ்டப்0. ஸோன்களின் லோயர்-லிங்க்கை ஸ்டப்0 ஆக்குங்கள். குளோபல் ஸோனுக்கும் அதன் மேல் ஒரு விநிக் போட்டு 10.0.5.1/24 கொடுங்கள், ஸோன்களுக்கு 10.0.5.21, 22, டிஃபால்ட் ரூட் 10.0.5.1. குளோபல் ஸோனில் ஐபிவி4 ஃபார்வர்டிங்கை ஆன் செய்து, நெட்0 மேல் நாட் (உள் முகவரிகளை நெட்0வின் முகவரியாக மாற்றுவது) போடுங்கள். வெளியே நெட்0வின் மேக் மட்டுமே தெரியும், விஸ்விட்ச் தடுக்காது. வெளியிலிருந்து வெப் ஸோனுக்கு வர போர்ட் ரீடைரக்ட் தனியாக வேண்டும்.

பதில் 2:
ஈதர்ஸ்டப்பின் எம்டியூ (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000, நெட்0வில் 1500. வழியில் 'பாக்கெட் பெரிது' என்று சொல்லும் ஐசிஎம்பி செய்தி அடைபட்டிருந்தால் பிங் போகும், பெரிய ஃபைல் நடுவில் நின்றுவிடலாம். ஸ்டப் மேல் உள்ள விநிக்குகளுக்கும் எம்டியூவை 1500 ஆக்குங்கள், ஐபி போடுவதற்கு முன்பே.