பழைய கொம்பி: பவர் ஸ்டியரிங் போடுவதா, தேய்ந்ததை மாற்றுவதா?

நிலாவெளியான்:
என்னிடம் இருப்பது 1974 வொக்ஸ்வாகன் கொம்பி வான். உள்ளே கட்டில், அடுப்பு, பின்னால் 60 லீட்டர் தண்ணீர்த் தாங்கி. கச்சான் காற்று அடிக்கிற நாளில் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் 40இல் போகும்போதே எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பாலம் முடிகிற 400 மீற்றருக்கும் வண்டியில் வீட்டார் யாரும் பேசமாட்டார்கள். ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் ஆட்டினாலும் சில்லு அசையாது. ஒரு கராஜில் ஸ்டியரிங் டம்பரை (உதறலை அடக்கும் தண்டு) மாற்றினார்கள். ஒரு கிழமை நல்லாயிருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. பவர் ஸ்டியரிங் போடலாமா?

உப்புவெளி வான்காரன்:
தாராளமாகப் போடுங்கள். நான் ஜப்பான் சின்னக் கார் ஒன்றின் எலெக்ட்ரிக் மோட்டரை ஸ்டியரிங் தண்டில் பூட்டினேன். சந்தை வாசலில் பார்க் பண்ண முன்பு தோள் கழன்றுவிடும், இப்போது மனைவி ஒரு கையால் திருப்புகிறா. அகல ரயரும் போடுங்கள், ரோட்டைப் பிடிக்கும்.

கிண்ணியா கிறீஸ்கை:
தம்பி, பாரம் வேறு, லூஸ் வேறு. மோட்டர் பூட்டினால் ஸ்டியரிங் இலேசாகும், நேராகப் போகாது. தேய்ந்த ஸ்டியரிங் பெட்டிக்கு (ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள பல்சக்கரப் பெட்டி) மோட்டரின் இழுவையும் சேர்ந்தால் இன்னும் கெதியாகத் தேயும். அகல ரயர் பள்ளம் பள்ளமாக இழுக்கும்.

டம்பர் ஆட்டத்தை அமுக்குமே தவிர, லூஸை எடுக்காது. ஒராளை ஸ்டியரிங்கில் இருத்தி இடமும் வலமும் மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து டை ரொட் (சில்லைத் திருப்பும் கம்பி) முனைகளைப் பாருங்கள். முன் பீமின் (முன்சில்லுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நடுவில் ஒரு பின், அதாவது தடித்த ஆணி, இருக்கிறது, அதையும் பாருங்கள். எல்லாரும் விடுவது அதைத்தான்.

உப்புவெளி வான்காரன்:
நானா, பழைய வானைத் தேய்மானம் தேடிக் கழற்றத் தொடங்கினால் எங்கே நிற்பது? கடலோர வண்டி, எல்லா நட்டும் துருப்பிடித்துத்தான் கிடக்கும்.

கிண்ணியா கிறீஸ்கை:
அதுக்காகத் துருவுக்கு மேலே மோட்டரா? ரயர் காற்றைப் பார்க்கக் காசே தேவையில்லை: 185 ஆர் 14 சி ரயருக்கு முன்னால் 30, பின்னால் 40 பிஎஸ்ஐ. என்ஜின் பின்னால் இருக்கிற வண்டி, நீங்கள் தாங்கியையும் பின்னாலே வைத்தால் முன்சில்லு காகிதம்தான்.

நிலாவெளியான்:
நேற்று மகனை ஸ்டியரிங்கில் இருத்திப் படுத்துப் பார்த்தேன். அந்த நடுப்பின் பல் ஆடுவது மாதிரி மேலும் கீழும் ஆடுகிறது. அதுக்குக் கிறீஸ் அடிக்கிற நிப்பிள் பெயின்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது! இத்தனை வருஷமாய் அதுக்கு ஒரு சொட்டுப் போயிருக்காது. நாலு ரயரிலும் ஒரே 35.

கிண்ணியா கிறீஸ்கை:
அப்ப புஷ்ஷோடு (பின்னைச் சுற்றியுள்ள உறை) பின்னை மாற்றுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சில்லு தொங்கும்போது கிறீஸ் அடியுங்கள், அப்போதுதான் உள்ளே போகும். பிறகு சில்லு அலைன்மென்ட். ஸ்டியரிங் பெட்டிக்கு மேலுள்ள திருகை மட்டும் யாரையும் இறுக்க விடாதீங்க. கூட இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் திரும்பி வராது.

உப்புவெளி வான்காரன்:
பின்னை மாற்றட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. சந்தை வாசலுக்கு நானா வந்து திருப்பித் தருவாரா?

கிண்ணியா கிறீஸ்கை:
லூஸ் எடுத்த பிறகு ஆசைக்கு மோட்டர் பூட்டட்டும்.

நிலாவெளியான்:
தாங்கியை முன்சீற்றுக்குப் பின்னால் நகர்த்தியாச்சு, காற்றும் சரி. புஷ் வந்ததும் பாலத்தில் ஏறிப்பார்த்து எழுதுகிறேன். கச்சான் ஓய முதல் வரவேண்டும்.