ருத்தேனியம் வினையில் ஈ.ஈ. ஏறவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

சுடர்வேதி:
கீட்டோனைக் கைரல் ஆல்கஹாலாக (வலக்கை, இடக்கை போல இரண்டு ஆடிப்பிம்ப வடிவம் உள்ளது) ஒடுக்குகிறேன். நொயோரி வகை ருத்தேனியம் வினையூக்கி, டோசில் டைஅமீன் லிகாண்ட் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு). மாலையில் போட்டுக் காலையில் எடுத்தால் ஈ.ஈ. (ஒரு வடிவம் மற்றதைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பது) 71% தான். மூன்று முறையும் அப்படியே. வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்டியாக வேண்டும். எங்கே தப்பு?

ஆர்கான்குழாய்:
எந்தக் கீட்டோன்? ஹைட்ரஜன் எதிலிருந்து வருகிறது? எனக்கென்னவோ காற்று புகுந்துவிட்டது என்றுதான் படுகிறது. கரைப்பானை உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்குங்கள். மூன்று சுற்று.

நேர்கோடு:
லிகாண்டின் தூய்மையைப் பார்த்தீர்களா? அதிலேயே மறு எனான்டியோமர் (ஆடிப்பிம்ப வடிவம்) கலந்திருந்தால் விளைபொருளில் தெரியும். அதுவும் நேர்விகிதத்தில் இருக்க வேண்டியதில்லை, வேதியியலாளர் ககான் 1986-லேயே காட்டிவிட்டார்.

பழையகை:
எப்படி அளந்தீர்கள் என்றே சொல்லவில்லை. ரேசிமிக் கலவையை (இரண்டு வடிவமும் சரிபாதி) முதலில் ஓட்டிப் பார்ப்பது அரிச்சுவடி. அதைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? அப்புறம், ஈ.ஈ. என்று எழுதுவதையே விடுங்கள். 71% என்பது 85.5:14.5. விகிதம்தான் நேரான கணக்கு.

நேர்கோடு:
ஒளிச்சுழற்சியோடு (கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவு) ஒப்பிட ஈ.ஈ. தானே வசதி?

பழையகை:
கொஞ்சம் கீட்டோன் மிஞ்சினாலே சுழற்சி எண் தப்பாகிவிடும். அதை நம்பி ஒப்பிடுவதா?

சுடர்வேதி:
ரேசிமிக் ஓட்டினேன், கைரல் எச்.பி.எல்.சி.யில் (இரண்டு வடிவங்களையும் பிரித்துக் காட்டும் கருவி) இரண்டு உச்சியும் நன்றாகப் பிரிகின்றன. கீட்டோன் 4-மெத்தாக்ஸி அசிட்டோபீனோன். ஐசோபுரோப்பனால், துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.

குடுவை:
மெத்தாக்ஸியா! அப்படியென்றால் காற்றையும் லிகாண்டையும் விடுங்கள். ஐசோபுரோப்பனால் ஹைட்ரஜனைக் கொடுத்து அசிட்டோனாகிறது. அந்த அசிட்டோன் உங்கள் ஆல்கஹாலிடமிருந்து அதைத் திரும்ப வாங்கவும் செய்யும். வேகமாக உருவான எனான்டியோமர்தான் வேகமாகத் திரும்பவும் போகும், அதனால் இரவு முழுக்க ஈ.ஈ. கரைகிறது. மெத்தாக்ஸி எலக்ட்ரானைத் தள்ளுவதால் இந்தக் கீட்டோனில் சமநிலையும் உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். மணிக்கொரு மாதிரி எடுத்துப் பாருங்கள், இறங்குவது தெரியும்.

ஃபார்மிக் அமிலமும் டிரைஎத்திலமீனும் 5:2 மோல் விகிதத்தில் போடுங்கள். ஹைட்ரஜன் கொடுத்த பிறகு அது கார்பன் டைஆக்சைடாக வெளியேறிவிடும், திரும்பி வராது. குடுவையை மட்டும் இறுக்கி மூடிவிடாதீர்கள், வாயு போக வழி வேண்டும்.

ஆர்கான்குழாய்:
இருந்தாலும் ஆர்கானில் செய்யுங்கள்.

சுடர்வேதி:
முதல் மணி 93, நாலாம் மணி 84, காலையில் 71. ஃபார்மிக் போட்டிருக்கிறேன், சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருக்கிறது. நன்றி குடுவை.