பாராட்டுப் பதாகையில் கட்டுரை எண்ணிக்கை வேண்டுமா?

தோட்டத்துப்பிள்ளை:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கவிருக்கும் பாராட்டு விழாவுக்கான பதாகையின் மாதிரி கைக்கு வந்தது. நம் தோட்டத்து லயத்தில் பிறந்து, கரியமில வாயுவைப் பிடித்துப் பிரிக்கும் தொழில்நுட்பத்தில் முனைவரானவருக்கு விழா எடுப்பது நமக்குப் பெருமை. ஆனால் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் '100க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள்' என்று போட்டிருக்கிறார்கள். எதைக் கண்டறிந்தார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
எடுக்கக் கூடாது தம்பி. துறையறிந்தவர்கள் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொன்ன பிறகே ஒரு கட்டுரை அச்சேறுகிறது. பால்மரம் சீவிய தாயின் பிள்ளை அந்தச் சோதனையில் நூறு முறை தேறியிருக்கிறார். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவனுக்கு வேதியியல் நுணுக்கம் புரியாமல் போகலாம், இந்த எண் புரியும்.

பாய்லர்க்காரன்:
நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். நாரும் கொட்டை ஓடும் எரிந்து புகையாய்ப் போவது என் கண்ணெதிரே நடக்கிறது. அந்த நூறு கட்டுரைகளும் சேர்ந்து ஏதாவது ஒரு புகைபோக்கியில் ஒரு டன் வாயுவையாவது பிடித்தனவா? அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலால் வாயுவைப் பிரிக்கும் முறைக்கு 1930லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது. அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

வேதிப்பொறியியல் மாணவி:
நிறைய இருக்கிறது அண்ணா. கரைசல் ஏறக்குறைய 40 பாகை வெப்பத்தில் வாயுவைப் பிடிக்கும். பிடித்ததை விடுவிக்க 120 பாகை வரை சூடாக்க வேண்டும். மோனோஎத்தனாலமீன் என்ற வழக்கமான அமீன் கரைசலென்றால் ஒரு டன் வாயுவுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் செலவாகும். உங்கள் பாய்லர் தரும் நீராவியில் பெரும்பங்கை இதற்கே கொடுக்க நேரும். அதோடு புகையிலுள்ள ஆக்சிஜன் கரைசலைச் சிதைக்கிறது. நிறமற்றிருந்தது பழுப்பாகிறது, இரும்புக் குழாய் அரிக்கிறது. கனடாவின் பவுண்டரி டேம் மின்நிலையத்தில் 2014இல் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் பிடிக்கத் திட்டமிடப்பட்டது. அந்த அளவை எட்ட முடியாமல் திணறியதற்குக் கரைசல் சிதைந்ததும் ஒரு காரணம். எந்தக் கரைசல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து எழுதாவிட்டால், புகைபோக்கிக்குப் பக்கத்திலேயே போக முடியாது.

ஆனால் ஆசிரியர் ஐயா, எண்ணிக்கை விஷயத்தில் உங்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி வாயுவை ஈர்க்கச் செய்த ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல, சிலிண்டரிலிருந்து வரும் தூய, உலர்ந்த வாயுவைக் கொண்டு செய்தவை. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 விழுக்காடுதான், ஈரமும் உண்டு. அங்கே அதே கரி மிகக் குறைவாகவே ஈர்க்கும். ஓட்டுக்குப் பதில் நார், நாருக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டை என்று மாற்றினால் புதிதாய் ஒரு கட்டுரை தயார். இன்னொரு பக்கம், கேரி ரோஷெல் என்ற அமெரிக்க வேதிப்பொறியாளர் அமீன் முறையைப் பற்றி 2009இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை மூன்றே பக்கம். இத்துறையில் அதைப் படிக்காதவர் அரிது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அப்படியானால் எச்-குறியீட்டைப் போடுவோம். மற்றவர்கள் எடுத்தாண்டதைக் கணக்கிடுவதாயிற்றே.

வேதிப்பொறியியல் மாணவி:
2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது அது. குறியீடு 30 என்றால், ஒவ்வொன்றும் 30 முறையாவது மேற்கோளான 30 கட்டுரைகள் உள்ளன என்று பொருள். தானே சோதித்தவையா, பிறர் சோதனைகளைத் தொகுத்தவையா என்று அது காட்டாது. தொகுப்புக் கட்டுரைக்குத்தான் மேற்கோள் அதிகம் சேரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அம்மா, நீ ஆய்வுக்கூடத்தில் நிற்கிறாய், உனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. பதவி உயர்வுக்கும் ஆய்வு மானியத்துக்கும் எல்லாரிடமும் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது என்று என் காதுபடப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட அளவுகோலிலேயே நம்மவர் உயர்ந்து நிற்கும்போது, அளவுகோலே தவறு என்று நாமே சொல்ல வேண்டுமா?

பாய்லர்க்காரன்:
ஐயா சொல்வது மனத்தில் தைக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். 2025இல் கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிப்பதற்கென்றே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சரவாக் கடலில் கசவாரி எரிவாயு வயலுக்கும் திட்டம் இருக்கிறது. நாளை எங்களைப் போன்ற ஆலைகளுக்கும் இது வரலாம். விழாவில் கேள்வி நேரம் ஒதுக்குங்கள். நாரும் ஓடும் எரிகிற புகையில் உங்கள் கரைசலைச் சோதித்தீர்களா, எத்தனை மணி நேரம் தாங்கியது என்று நான் எழுந்து கேட்பேன்.

வேதிப்பொறியியல் மாணவி:
அதற்கு அவர் மகிழ்ந்து பதில் சொல்வார். அவருடைய ஆரம்பகாலக் கட்டுரை ஒன்றில், தான் தேர்ந்த கரைசல் விரைவில் சிதைந்துவிட்டதை அட்டவணை போட்டு வெளியிட்டிருக்கிறார். தோற்ற சோதனையை அச்சில் ஏற்றுவோர் குறைவு. பதாகையில் போட வேண்டியது அதைத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தோல்வியையா பதாகையில் போடுவது? கேள்வி நேரத்துக்கு ஏற்பாட்டாளர்களிடம் நானே பேசுகிறேன். எண்ணைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வைக்கச் சொல்கிறேன்.

தோட்டத்துப்பிள்ளை:
சிறிய எழுத்தானாலும் எனக்குச் சம்மதமில்லை ஐயா. அச்சுக்குப் போகுமுன் அவரிடமே கேட்டுவிடுவோம். தங்கை, அவர் செய்த வேலையை இரண்டு வரியில் எழுதி அனுப்பு, அதையும் சேர்த்தே காட்டுகிறேன்.