வேலியோரம் தோண்டியது வள்ளியா, கண்வலியா?

வேலியோரம்:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் மாமனாரின் மானாவாரிக் காடு. நேற்று வேலியோரம் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டினோம். பங்குனி வெயிலில் கொடியெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டதால் எது எந்தக் கொடியின் கிழங்கு என்றே தெரியவில்லை. கூடையில் பார்த்தால் இரண்டு தினுசு. ஒன்று சொரசொரப்பாக, மேலெல்லாம் சல்லிவேர். இன்னொன்று வழவழவென்று பழுப்புத் தோலோடு கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பக்கத்துக் காட்டில் முன்பு கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) போட்டிருந்தார்கள், அது விஷக்கிழங்கு, அதுதான் பயம். கசந்தால் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி வேகவைத்தால் போதும் என்கிறார் அத்தை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளுவைப்பந்தல்:
முதலில் அடுப்பை அணையுங்கள். நான் மூலனூர் பக்கம் கண்வலி பயிரிடுகிறவன். வழவழப்பு, கவட்டை இரண்டும் சேர்ந்தாலே எனக்குச் சந்தேகம் இல்லை, அது கண்வலிதான். அதற்குக் கலப்பைக்கிழங்கு என்ற பேரே அந்த வளைவால் வந்ததுதான். இரண்டு கிளையின் நுனியிலும் முளைக்குருத்து இருக்கிறதா பாருங்கள். நுனி ஒடிந்தால் முளைக்காது என்பதால் நடும்போது நாங்கள் அதைத்தான் பொத்திப் பொத்தி எடுப்போம். ஆனால் ஒன்று, எல்லாக் கிழங்கும் கவட்டையாகவே வராது, ஒடிந்த ஒற்றைத் துண்டு வள்ளியைப் போலவே கிடக்கும். அதனால் கிழங்கை மட்டும் வைத்து "இது நல்லது" என்று நான்கூடச் சொல்ல மாட்டேன்.

கொடி இருந்தால் குழப்பமே இல்லை. வள்ளி தண்டையே முறுக்கிச் சுற்றி ஏறும், இலை காம்போடு, பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். கண்வலிக்கு இலைக்காம்பு கிடையாது, நீண்ட இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கொடி பச்சையாக இருக்கும்போதே வள்ளியின் தூரில் துணி கட்டி வையுங்கள். பங்குனியில் அந்தத் துணி இருக்கும் இடத்தில் மட்டும் தோண்டுங்கள்.

வேகவைப்பது பற்றி: கண்வலியில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு கொதிநீரில் அழியாது. கசப்பான காட்டு வள்ளியைச் சீவி ஓடும் நீரில் ஊறவைத்துச் சாப்பிடும் பழக்கம் மலையில் உண்டு, அத்தை சொல்வது அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். அதை இதற்குச் செய்யாதீர்கள்.

வன்னிமண்:
நாங்கள் கார்த்திகைப்பூ என்று சொல்லுறது இதைத்தான். என்ர மாமா ஒருவர் வற்றாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டது. அடுத்த நாள் கொஞ்சம் தணிந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றவர், டொக்டர் விடவில்லை. அதற்குப் பிறகுதான் இரத்த அணுக்கள் குறைந்தது. உயிர் தப்பினார், இரண்டு கிழமை கழித்துத் தலைமுடி முழுக்கக் கொட்டியது. பிறகு வளர்ந்தது. யாராவது ஒரு துண்டு கடித்திருந்தாலும் வாந்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. எதைச் சாப்பிட்டது என்று தெரியாமல் எங்களுக்கு அரை நாள் போய்விட்டது.

வேலியோரம்:
நுனியில் குருத்து இருக்கிறது. யாரும் வாயில் வைக்கவில்லை, நல்லவேளை. ஒரே கூடையில் கலந்துவிட்டதால் சொரசொரப்பானதையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டேன். அத்தையிடம் வன்னிக்காரர் எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் பானையைக் கழுவி வைத்துவிட்டார். இப்போது இதைக் குழி தோண்டிப் புதைத்துவிடலாமா? ஆடுகள் சுற்றுகின்றன.

கிளுவைப்பந்தல்:
புதைத்தால் அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். ஆட்டுக்கும் ஆகாது. சாக்கில் கட்டி உயரத்தில் வையுங்கள், உங்கள் ஊரில் கண்வலி போடுகிறவர் யாராவது இருந்தால் விதைக்கிழங்குக்கு வாங்கிக்கொள்வார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நறுக்கிப் பார்த்திருந்தால் கத்தியையும்.